ஆவாரை, வெள்வேல் விதை முளைக்கவே இல்லை. விதை கெட்டுவிட்டதா?

மீதி விதையைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள், முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன். மேய்ச்சல் காட்டில் ஆவணியில் தூவினேன், நாலு மழை பெய்தும் ஒன்றுகூடத் தலைகாட்டவில்லை என்கிறீர்கள். பொங்கலுக்குக் காப்புக் கட்ட ஆவாரம்பூ பறிக்கப் போன இடத்தில் கையில் பட்ட காயையெல்லாம் உருவிக்கொண்டு வந்திருப்பீர்கள்.

நான் அப்படித்தான் செய்தேன். சேர்வராயன் மலை அடிவாரத்தில் எங்களுக்கு இரண்டு ஏக்கர் மேட்டுக்காடு, பாதி சரளை. ஆவாரையை ஆடு அவ்வளவாகக் கடிக்காது, வரப்போரம் நின்று மண்ணைப் பிடிக்கும் என்று போட நினைத்தேன். பறித்ததில் முக்கால்வாசி பச்சைக் காய். காயவைக்காமலே பிளாஸ்டிக் பையில் இறுக்கிக் கட்டித் தகரக் கொட்டகையில் தொங்கவிட்டேன். ஆடியில் அவிழ்த்தால் பூஞ்சை வாடை, விதையெல்லாம் சுருங்கிப்போய்க் கிடந்தது.

மறுவருஷம் நெற்றாகும்வரை பொறுத்தேன். காய் பழுப்பேறி, காதோரம் ஆட்டினால் கலகலவென்று கேட்க வேண்டும். நெற்றோடு சாக்கில் கட்டிவைத்த பங்கில் வண்டு விழுந்து, விதைக்கு விதை குண்டூசித் தலை அளவுக்கு வட்ட ஓட்டை, நகத்தால் நசுக்கினால் வெறும் மாவு. உடனே உரித்து நிழலில் உலர்த்திச் சாம்பல் கலந்து மண்கலயத்தில் வைத்தது மட்டும் தப்பித்தது. அதைத் தூவினேன், அதுவும் முளைக்கவில்லை. ஆத்திரத்தில் மீதியை எருக்குழியில் கொட்டிவிட்டேன்.

அப்புறம்தான் ஆடு மேய்க்கும் பெரியப்பா ஒருவர், "வெள்வேல் நெத்தத் தின்ன ஆட்டோட புழுக்கையில பாரு சாமி, எப்படி மொளைக்குதுன்னு" என்றார். விஷயம் அதுதான். ஆவாரையோ வெள்வேல மரமோ, முற்றிக் காய்ந்த விதையின் தோல் தண்ணீரை உள்ளே விடாது. ஆட்டு வயிற்றில் பாதி செரித்துப்போனாலும் தப்பி வருவதன் தோல் இளகியிருக்கும். நான் தண்ணீரைக் கொதிக்கவைத்து, இறக்கிச் சற்று ஆறவிட்டு, மறுபடி சேர்த்த விதைமேல் ஊற்றி ராத்திரி முழுக்க அப்படியே விட்டேன். 100 விதையில் 63 காலையில் உப்பியிருந்தது. உப்பாததை மறுபடி ஊறப்போட்டேன்.

கந்தக அமிலத்தில் நனைப்பதுதான் முறை என்று படித்தவர்கள் வருவார்கள். தெரியும், ஆனால் குழந்தைகள் இருக்கும் வீட்டில் அதை வைக்கச் சொல்ல மாட்டேன். தோல் இறுகுவதற்கு முன், காய் பழுக்கத் தொடங்கும் பதத்தில் எடுத்து உடனே ஊன்றினால் வெந்நீரே வேண்டாம் என்பதும் சரிதான், ஆனால் அந்த விதையைச் சேமிக்க முடியாது. விதையின் ஈரம் ஒரு சதவீதம் குறைந்தால் ஆயுள் இரட்டிப்பு என்று ஒரு பொதுக்கணக்கு உண்டு. வேப்பங்கொட்டையை இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள், அதைப் பழம் பொறுக்கிய சில வாரங்களுக்குள் போட்டுவிட வேண்டும்.

இவ்வளவு பாடுபட்டுக் காட்டைத் தேற்றி மேச்சேரி ஆடு வளர்த்துச் சந்தைக்குக் கொண்டுபோனால், இன்றைக்கும் துண்டுக்கடியில் விரலைப் பிடித்து விலை பேசுகிறார்கள். எடை போடு என்றால் தரகருக்குக் கோபம் வருகிறது. கேட்ட கேள்விக்குச் சம்பந்தமில்லைதான், ஆனாலும் வயிறு எரிகிறது.

அந்த எருக்குழியை விட்டுவிட்டேனே. இரண்டு மழைக்காலம் கழித்து அதன் ஓரத்தில் இருபதுக்கு மேல் ஆவாரங்கன்று நின்றது. ஏழைப் பிடுங்கி வரப்பில் நட்டேன், ஆணிவேர் அறுந்து இரண்டுதான் பிழைத்தது. நீங்கள் நாற்றெல்லாம் விடாமல், உப்பின விதையை நிற்கவேண்டிய இடத்திலேயே ஊன்றிவிடுங்கள்.