கேள்வி-பதில்: ஓடும் விஎம்மை (மெய்நிகர் கணினியை) வேறு ப்ராசஸருக்கு நகர்த்தலாமா?

கேள்வி: விஎம்களை ஓட்ட உதவும் லினக்ஸ் கேவிஎம் உள்ள இரண்டு சர்வர்கள் இருக்கின்றன. ஒன்றில் பழைய இன்டெல் ஹாஸ்வெல் ப்ராசஸர், மற்றதில் புதிய கேஸ்கேட் லேக். புதியதில் ஓடும் விஎம்மை நிறுத்தாமல் பழையதற்கு மாற்றினால் ‘சிபியு பொருந்தவில்லை’ என்று வருகிறது. முன்கூட்டியே சரிபார்ப்பது எப்படி?

பதில்: கேஸ்கேட் லேக்கில் ஏவிஎக்ஸ்-512 (பல எண்களை ஒரே நேரத்தில் கணக்கிடும் ப்ராசஸர் கட்டளைகள்) உண்டு, ஹாஸ்வெல்லில் கிடையாது. விஎம்முக்குள் இருக்கும் மென்பொருள்கள் தொடக்கத்திலேயே என்னென்ன கட்டளைகள் இருக்கின்றன என்று பார்த்து வைத்துக்கொள்கின்றன. நடுவில் ஒன்று காணாமல் போனால் விழுந்துவிடும். ஆகவே அந்த மறுப்பு நியாயமானதுதான். சர்வரின் சிபியுவை அப்படியே விஎம்முக்குக் காட்டும் ‘ஹோஸ்ட்-பாஸ்த்ரூ’ வைத்திருந்தால் மறுப்பே வராமல் நகர்ந்துவிடக்கூடும். பிறகு ‘இல்லீகல் இன்ஸ்ட்ரக்‌ஷன்’ என்று சர்வீஸ்கள் ஒவ்வொன்றாகச் சாகும். அது இதைவிட மோசம்.

முதலில் இரண்டு சர்வர்களிலும் பயாஸ் அமைப்பையும் மைக்ரோகோடையும் (ப்ராசஸருக்குள்ளேயே இருக்கும் நிரல்) ஒரே நிலைக்குக் கொண்டுவாருங்கள். ஒரே மாடல் ப்ராசஸர்கள்கூடப் பொருந்தாமல் போவது பெரும்பாலும் இதனால்தான்: மைக்ரோகோடு அப்டேட் ஒரு சர்வரில் மட்டும் டிஎஸ்எக்ஸ் என்ற கட்டளைகளை முடக்கியிருக்கும்.

அடுத்து, இரண்டிலும் ‘விர்ஷ் டொம்கேப்பபிலிட்டீஸ்’ (விஎம்களை நிர்வகிக்கும் விர்ஷ் கருவியின் கட்டளை) ஓட்டி, வரும் இரு எக்ஸ்எம்எல்களையும் ஒரே கோப்பில் சேர்த்து, விர்ஷின் ‘ஹைப்பர்வைசர்-சிபியு-பேஸ்லைன்’ கட்டளைக்கு ‘மைக்ரேட்டபிள்’ விருப்பத்தோடு கொடுங்கள். இரண்டுக்கும் பொதுவான சிபியு மாடல் கிடைக்கும். அதை ‘ஹைப்பர்வைசர்-சிபியு-கம்பேர்’ மூலம் இரண்டு சர்வரிலும் சோதியுங்கள். ‘ஐடென்டிகல்’ (அப்படியே ஒத்தது), ‘சூப்பர்செட்’ (சர்வரில் அதைவிட அதிகம் இருக்கிறது) இரண்டும் நல்ல பதில்கள். ‘இன்கம்பாட்டிபிள்’ (பொருந்தாது) வந்தால் பயாஸுக்கே திரும்ப வேண்டும்.

கிடைத்த மாடலை விஎம்மின் சிபியு பகுதியில் ‘கஸ்டம்’ ஆகப் போட்டு, விஎம்மை முழுவதும் அணைத்து மீண்டும் தொடங்குங்கள். உள்ளிருந்து ரீபூட் செய்தால் போதாது. விஎம்மை ஓட்டும் பழைய க்யூஇஎம்யூ ப்ராசஸே தொடரும், சிபியு மாறாது.

கேள்வி: விஎம் ஓட்டும் இன்னொரு மென்பொருளான விஎம்வேரில் இவிசி (எல்லா சர்வரின் சிபியுவையும் ஒரே தலைமுறைபோலக் காட்டும் அமைப்பு) போட்டால் வேகம் குறையுமா?

பதில்: கோர் எண்ணிக்கை, கிளாக் வேகம் எதையும் அது தொடாது, புதிய கட்டளைகளை மறைக்கும், அவ்வளவே. ஏவிஎக்ஸ்-512ஐ நம்பியிருக்கும் கணக்கீடுகள் மட்டும் மெதுவாகலாம். கிளஸ்டரில் (சர்வர் குழுவில்) உள்ள மிகப் பழைய ப்ராசஸரின் தலைமுறையைத் தேர்ந்தெடுங்கள், அதற்கும் கீழே இறங்காதீர்கள். விஎம்முக்குள் ஓடும் ரெட் ஹாட் லினக்ஸ் 9க்கு எக்ஸ்86-64-வி2 என்ற கட்டளைத் தரநிலை தேவை, அதாவது நெஹாலம் முதல்; ரெட் ஹாட் 10க்கு வி3, ஹாஸ்வெல் முதல். ‘எதற்கும் இருக்கட்டும்’ என்று நெஹாலத்துக்கும் முந்தைய பென்ரினைப் போட்டு வைத்தால் இவை பூட் ஆகாது.

கேள்வி: இன்டெலிலிருந்து ஏஎம்டிக்கு?

பதில்: ஓடும்போது வேண்டாம், இவிசியும் இரண்டையும் ஒரே கிளஸ்டரில் சேர்க்காது. விஎம்மை அணைத்துவிட்டு நகர்த்துங்கள்.