அமெரிக்க கறுப்பின மக்களோட ப்ளூஸ் இசையில வாசிக்கிற ஹார்மோனிகாவை, அதாவது மவுத் ஆர்கனை, ராக் ரசிகர்கள்கிட்ட கொண்டுபோய் சேர்த்த பாடகர் யாரு?

நிறைய பேர் ரோலிங் ஸ்டோன்ஸ் பேண்ட் பாடகர் மிக் ஜாகர்னு சொல்வாங்க, அவரும் அருமையா வாசிப்பார், 2016ல வந்த 'ப்ளூ அண்ட் லோன்சம்' ஆல்பத்தை கேட்டாலே தெரியும். ஆனா என்னைக் கேட்டா பால் பட்டர்ஃபீல்ட்தான்.

1942ல சிகாகோல பொறந்த வெள்ளைக்காரர், இளவயசுலயே அந்த ஊரோட தெற்குப் பகுதியான சவுத் சைடுல கறுப்பின மக்களோட க்ளப்புகளுக்குப் போய் மடி வாட்டர்ஸ், ஹவுலின் வுல்ஃப் மாதிரி பெரிய ப்ளூஸ் பாடகர்களை நேர்ல பார்த்து, அவங்க மேடையிலயே ஏறி வாசிச்சு வளர்ந்தவர். பேண்ட் ஆரம்பிச்சப்போ ஹவுலின் வுல்ஃப்கிட்ட பேஸ் கிட்டார் வாசிச்ச ஜெரோம் அர்னால்டையும் டிரம்ஸ் வாசிச்ச சாம் லேயையும் கூட்டிட்டு வந்துட்டார். கறுப்பரும் வெள்ளையரும் ஒரே பேண்ட்ல நிக்கிறது அப்போ அமெரிக்கால சாதாரண விஷயம் இல்லைங்க.

அதுவரைக்கும் ராக் கேக்குற பசங்க நிறைய பேருக்கு மவுத் ஆர்கன்னா பாப் டிலன் கழுத்துல மாட்டிக்கிட்டு ஊதுற சத்தம்தான். பட்டர்ஃபீல்ட் அதை மைக்கோட சேர்த்து ரெண்டு கையாலயும் பொத்திப் பிடிச்சு ஆம்ப்ளிஃபையர்ல விடுவார், அது கொஞ்சம் கரகரன்னு உடைஞ்சு சாக்ஸஃபோன் கனத்துல வரும், பக்கத்துல அவர் பேண்ட் கிட்டாரிஸ்ட் மைக் ப்ளூம்ஃபீல்ட் வாசிச்சாலும் அதுக்கு ஈடா நிக்கும். ஏ (A) சுருதி ஹார்மோனிகாவை எடுத்து ஈ (E) சுருதியில வாசிக்கிறது, மூச்சை உள்ள இழுக்கும்போதே சுரத்தை வளைச்சு கீழ இறக்குறது, அந்த அழுகை எல்லாம் அங்கதான் இருக்கு.

இந்த முறையை எல்லாம் உச்சத்துக்குக் கொண்டுபோனது கறுப்பின ஹார்மோனிகா கலைஞர் லிட்டில் வால்டர், அதை மறக்கவே கூடாது. அவரோட 'ஜூக்' 1952லயே ஆர் அண்ட் பி (ரிதம் அண்ட் ப்ளூஸ்) பாட்டு வரிசையில முதல் இடம், ஆனா வெள்ளைக்கார இளசுகள் முக்காவாசி பேருக்கு அவர் பேரே தெரியாது. பட்டர்ஃபீல்ட் 1965ல நியூபோர்ட், 1967ல மான்டரே, 1969ல வுட்ஸ்டாக்னு பெரிய இசை விழா மேடைகள்ல ஏறினப்போதான் அந்த சவுண்ட் அவங்க காதுக்குப் போச்சு. புகழ் வந்தப்புறமும் குருவை விடலை, 1969ல மடி வாட்டர்ஸோட 'ஃபாதர்ஸ் அண்ட் சன்ஸ்' ஆல்பத்துல உக்காந்து வாசிச்சார், எனக்கு அவர் மேல மரியாதை கூடினதே அதுலதான்.

1987ல 44 வயசுல போய்ட்டார். புதுசா கேக்குறவங்க 1965ல வந்த முதல் ஆல்பத்துல 'ப்ளூஸ் வித் எ ஃபீலிங்' கேளுங்க, கையோட லிட்டில் வால்டர் 1953ல பண்ணதையும் கேட்டுடுங்க.