தலைக்காயத்துக்கு இழப்பீடு: தரகர் நீட்டும் தாளில் கையெழுத்திடலாமா?

கேள்வி: மலேசியாவில், சுங்கை சிப்புட் அருகே ஒரு தோட்டத்தில் வசிக்கிறோம். 38 வயதான என் கணவர் வேலை முடிந்து மோட்டார் சைக்கிளில் திரும்பும்போது செம்பனைக் குலை ஏற்றிய லோரி மோதியது. மண்டைக்குள் இரத்தம் கட்டி அறுவை சிகிச்சை நடந்தது. ஏழு மாதமாகிறது. நடக்கிறார், பேசுகிறார், ஆனால் மறதியும் கோபமும் மிகுந்து, வேலைக்குப் போக முடியவில்லை. 40,000 வெள்ளி (ரிங்கிட்) வாங்கித் தருவதாகவும், அதில் மூன்றில் ஒரு பங்கு தனக்கு வேண்டுமென்றும் ஒருவர் தாள்களோடு வருகிறார். சொக்சோ (தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு நிறுவனம்) பணம் கிடைப்பதால் வழக்குப் போட முடியாது என்கிறார். கையெழுத்திடலாமா?

பதில்: இடாதீர்கள், சகோதரி. உங்கள் கணவரையும் இட விடாதீர்கள். மூளைக்காயத்தால் தம் காரியங்களைத் தாமே கவனிக்கும் ஆற்றலை இழந்துவிட்டார் என்று மருத்துவர் உறுதிசெய்தால், அவருக்காக நீங்கள் வழக்குப் பிரதிநிதியாக நிற்கலாம். அந்நிலையில் செய்யப்படும் எந்தச் சமரசமும் நீதிமன்றத்தின் ஒப்புதல் பெற்றால்தான் செல்லும் என்று 2012-ஆம் ஆண்டின் நீதிமன்ற விதிகள் சொல்கின்றன. தரகர் அவசரப்படுத்துவதற்குக் காரணமே, அந்தப் பரிசோதனை நடப்பதற்கு முன் கையெழுத்தை வாங்கிவிட வேண்டும் என்பதுதான்.

காயம்பட்டவருக்காக இழப்பீடு பேசித் தருகிறேன் என்று வழக்கறிஞர் அல்லாதவர் வருவது 1976-ஆம் ஆண்டின் வழக்கறிஞர் தொழில் சட்டப்படி குற்றம். வென்றால் மட்டும் கட்டணம் என்று வழக்கறிஞரே ஒப்பந்தம் செய்துகொள்வதையும் அதே சட்டம் தடுக்கிறது. இத்தனை ஆண்டுகளாகச் சட்டம் இருந்தும், விபத்து நடந்த இடத்துக்கு இழுவை வண்டியோடும், பிறகு வார்டு வாசலுக்குப் பழக்கூடையோடும் இவர்கள் வந்து நிற்பது எல்லோருக்கும் தெரிந்தே நடக்கிறது. தோட்டத்து மக்கள் என்றால் மலாய்ப் படிவத்தைப் படிக்காமல் ஒப்பமிடுவார்கள் என்பது அவர்கள் கணக்கு.

சொக்சோவைப் பற்றி அவர் சொன்னது பாதி உண்மை. பாதி உண்மைதான் ஆபத்தானது. வேலைக்குப் போகும்போதும் திரும்பும்போதும் நேரும் விபத்து சொக்சோ சட்டத்தில் வேலைக்காயமாகவே கருதப்படுகிறது. அதற்காக முதலாளி மீதோ அவருடைய வேலையாள் மீதோ தனியாக இழப்பீட்டு வழக்குத் தொடுக்க அச்சட்டத்தின் 31-ஆம் பிரிவு இடம் தருவதில்லை. ஆனால் வெளியார் மீது தொடுக்கத் தடையில்லை. ஆகவே உங்கள் விஷயத்தில் எல்லாமே லோரி யாருடையது என்பதில்தான் இருக்கிறது. அது தோட்ட நிர்வாகத்தின் லோரியாகவும், ஓட்டியவர் தோட்டத்துச் சம்பளம் வாங்குபவராகவும் இருந்தால் கதவு அடைபடும். குலை ஏற்றும் லோரிகளோ பெரும்பாலும் குத்தகைக்காரர்களுடையவை. லோரியின் கதவில் தோட்டத்தின் பெயர் எழுதியிருந்தாலும் உரிமையாளர் வேறு நிறுவனமாக இருக்கலாம். கணக்கெழுதும் கிராணி சொன்னார், வேலை வாங்கும் மண்டோர் சொன்னார் என்று விட்டுவிடாதீர்கள். எண்பலகையை வைத்து ஜேபிஜே (சாலைப் போக்குவரத்துத் துறை) பதிவில் உரிமையாளர் பெயரையும், காப்புறுதி நிறுவனத்தின் பெயரையும், ஓட்டுநருக்கு அன்று சம்பளம் கொடுத்தவர் யார் என்பதையும் வழக்கறிஞர் தேடி எடுக்கட்டும். லோரி ஓட்டியவரும் ஏழைதானே என்று தயங்க வேண்டாம். தீர்ப்புத் தொகையைக் கொடுப்பது காப்புறுதி நிறுவனம்.

40,000 வெள்ளி எவ்வளவு குறைவு என்று பாருங்கள். 31 முதல் 59 வயது வரை உள்ளவருக்கு, 60-இலிருந்து விபத்தன்று இருந்த வயதைக் கழித்து இரண்டால் வகுத்து, வருமான இழப்புக்குரிய ஆண்டுகளைக் கணக்கிடுகிறார்கள். உங்கள் கணவருக்கு அது 11. மாதம் 2,000 வெள்ளி சம்பளத்தில் அவருடைய சொந்தச் செலவு 700 என்று வைத்துக்கொண்டால், இனி வேலையே செய்ய முடியாதவருக்கு வருமான இழப்பு மட்டுமே 171,600 வெள்ளி. காயத்துக்கும் வலிக்கும் பராமரிப்புக்கும் உரியது தனி. அவர் மீதும் தவறு இருந்தால், தலைக்கவசத்தின் வாரைப் பூட்டாதது உட்பட, அதற்கேற்பக் குறைப்பார்கள்.

உங்கள் வழக்கின் சிரமம், காயம் கண்ணுக்குத் தெரியாதது. நீதிபதியின் முன் உங்கள் கணவர் சட்டை இஸ்திரி போட்டு, பெயர் சொல்லி, வணக்கம் வைப்பார். ஆகவே இன்றே ஒரு பள்ளி நோட்டில் தேதி போட்டு எழுதத் தொடங்குங்கள்: அடுப்பை அணைக்காமல் போன நாள், பழகிய கடையிலிருந்து லயத்து வீட்டுக்கு வழி தெரியாமல் நின்ற நாள், பிள்ளையைக் காரணமின்றி அடித்த நாள். நினைவாற்றலையும் நடத்தையையும் அளக்கும் நரம்பியல் உளவியல் பரிசோதனையைக் கேட்டுப் பெறுங்கள். முதல் நாள் ஸ்கேன், மயக்க நிலையின் மதிப்பெண், அறுவை சிகிச்சைக் குறிப்பு ஆகியவை மருத்துவ அறிக்கையில் இருக்க வேண்டும். அந்த அறிக்கைக்கும், விபத்து நடந்த இடத்தின் போலீஸ் வரைபடத்துக்கும் படிவம் நிரப்பி, பணம் கட்டி, காத்துக் கிடக்க வேண்டியிருக்கும். காயம்பட்டவரே தம் காயத்தின் சான்றை விலைகொடுத்து வாங்கும் இந்த ஏற்பாட்டை நான் ஒருபோதும் ஏற்றுக்கொண்டதில்லை.

இழப்பீடு ஒரே முறைதான். பிறகு வலிப்பு வந்தாலும் மீண்டும் கேட்க முடியாது. எனவே நிலைமை ஓரளவு தெளியும்வரை முடித்துவிடாதீர்கள். வழக்குத் தொடுக்கக் காலக்கெடு ஆறு ஆண்டுகள். அரசாங்க வாகனமாக இருந்தால் 36 மாதங்கள்தான்.

தரகரிடம் அடையாள அட்டை நகலோ போலீஸ் புகாரோ கொடுத்திருந்தால் திரும்பக் கேளுங்கள். ஏற்கெனவே ஏதாவது அதிகாரக் கடிதத்தில் ஒப்பமிட்டிருந்தால், அதன் நகலை, நீங்கள் சந்திக்கும் முதல் வழக்கறிஞரிடமே காட்டி, அதை ரத்து செய்யும் கடிதத்தை எழுத்தில் அனுப்பச் சொல்லுங்கள்.