சிறுநீரகம் தளரும்போது: உணவு ஆலோசகரிடம் எதைக் கொண்டுபோவது?

சாவகச்சேரியிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். அவருடைய தாயாருக்கு வயது 62, உடல்நிறை 54 கிலோ, 15 வருடங்களாக நீரிழிவு. சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவான கிரியற்றினின் இரத்தத்தில் கூடியிருப்பதைக் கண்ட கிளினிக் வைத்தியர், வைத்தியசாலை உணவு ஆலோசகரைப் பார்க்கும்படி துண்டு எழுதிக் கொடுத்திருக்கிறார். அந்த நாளுக்கு இன்னும் மூன்று வாரம் இருக்கிறது. இதற்கிடையில் உறவினர்களின் சொற்கேட்டுச் சோற்றையும் மீனையும் நிறுத்திவிட்டு, குரக்கன் பிட்டு மட்டும் கொடுத்து வருகிறார்கள். அம்மா மெலிந்துகொண்டு போகிறார். இரண்டு தடவை விடியற்புறத்தில் வியர்த்து நடுங்கியும் இருக்கிறார். ஆலோசகரிடம் எதைக் கொண்டுபோவது, அதுவரை என்ன கொடுப்பது என்று கேட்கிறார்.

முதலில் அந்த நடுக்கத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும், ஏனெனில் அது மூன்று வாரம் காத்திருக்கக்கூடிய விடயமன்று. இன்சுலினின் ஒரு பகுதியையும் சில நீரிழிவு மாத்திரைகளையும் உடலிலிருந்து அகற்றுவது சிறுநீரகமே என்பதால், அது தளரும்போது முன்பு அளவாக இருந்த அதே மருந்து கூடுதலான நேரம் உடலில் தங்கி வேலை செய்கிறது. அந்த நேரத்தில் உணவையும் பாதியாகக் குறைத்தால் இரத்தச் சீனி ஆபத்தான அளவுக்கு இறங்கிவிடும். ஆகவே நாளைக்கே வைத்தியரிடம் சென்று, நடுக்கம் வந்த நேரத்தையும் மருந்துகளின் பெயரையும் சொல்லுங்கள். மருந்தின் அளவை நீங்களாக மாற்ற வேண்டாம். மறுபடி நடுக்கம் வந்தால், அரைக் குவளை தண்ணீரில் மூன்று தேக்கரண்டி சீனியைக் கரைத்துக் கொடுத்து, 15 நிமிடத்தின் பின் மீண்டும் பாருங்கள். தளர்ந்த சிறுநீரகத்தால் சரிவர வெளியேற்ற முடியாத பொட்டாசியம் இளநீரிலும் வாழைப்பழத்திலும் நிறைந்திருப்பதால் இவருக்குச் சீனித் தண்ணீரே பாதுகாப்பானது. நினைவு தப்பினால் வாயில் எதையும் ஊற்றாமல் 1990 அம்புலன்சை அழையுங்கள்.

குரக்கனைப் பற்றி நம்மிடையே ஒரு பிழையான நம்பிக்கை வேரூன்றியிருக்கிறது. குரக்கனிலும் மாச்சத்து ஏறக்குறைய அரிசியின் அளவுக்கே உண்டு. நார்ச்சத்து கூடுதல் என்பதால் நீரிழிவுக்காரருக்கு அளவோடு நல்லதுதான்; ஆனால் பொட்டாசியமும் அரிசியிலும் பார்க்கக் கூடுதலாக இருப்பதால், சிறுநீரகம் தளர்ந்த ஒருவருக்கு அதையே மூன்று வேளையும் கொடுப்பது சரியன்று. மீனையும் முற்றாக நிறுத்தத் தேவையில்லை. இரத்தச் சுத்திகரிப்புக்கு (டயாலிசிஸ்) போகாத சிறுநீரக நோயாளருக்குப் பொதுவாக ஒரு கிலோ உடல்நிறைக்கு 0.8 கிராம் புரதம் என்பதே கணக்கு. உங்கள் தாயாருக்கு அது நாளொன்றுக்கு ஏறத்தாழ 43 கிராம். ஒரு முட்டையில் 6 கிராம் அளவிலும், தீப்பெட்டி அளவான ஒரு மீன் துண்டில் 7 கிராம் அளவிலும் புரதம் இருக்கிறது. சோற்றிலும் பருப்பிலும் மிச்சத்தின் பெரும்பகுதி வந்துவிடும். மீனை அறவே விலக்கினால் உடல் தன் தசையையே கரைக்கத் தொடங்கும். அம்மா மெலிவதற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

உணவு ஆலோசகரின் வேலை தடைப் பட்டியல் எழுதுவது என்றே பலர் எண்ணுகிறார்கள். உண்மையில் அவர் இரத்த அறிக்கையை ஒரு கையிலும் உங்கள் வீட்டுச் சமையலை மறு கையிலும் வைத்துக்கொண்டு, இரண்டையும் பொருத்திப் பார்க்கிறார். ஆலோசனை அறையில் நான் அடிக்கடி கேட்கும் பதில், "கொஞ்சம்தான் சாப்பிடுறனான்" என்பது. ஒரு கிண்ணத்தையும் அரிசியையும் முன்னால் வைத்து அந்தக் கொஞ்சத்தை அள்ளிக் காட்டச் சொன்னால், கிண்ணம் நிரம்பி மேலே குவியும். இன்னொருவர் அதே சொல்லைச் சொல்லி மூன்று விரலால் எடுத்து வைப்பார். அதனால் வீட்டில் சோறு போடும் கோப்பையையே கொண்டுபோங்கள். பிட்டை அவிப்பது நீத்துப்பெட்டியிலா குழலிலா, ஒருவருக்கு எவ்வளவு என்று சொல்லக்கூடியவராக, சமைப்பவரும் கூடப் போக வேண்டும். கிளினிக் கொப்பி, கடைசி இரத்த, சிறுநீர் அறிக்கைகள், நாட்டு மருந்து உட்பட எல்லா மருந்துகளும், மூன்று நாள் உண்டவற்றை நேரத்தோடு எழுதிய ஒரு தாள் ஆகியவையும் தேவை.

கீரை, கிழங்கு, பழம் ஆகியவற்றை எவ்வளவு குறைப்பது என்பது இரத்தத்திலுள்ள பொட்டாசியத்தைப் பொறுத்தது. அது இயல்பாக இருந்தால் வீணாகக் குறைக்க வேண்டியதில்லை. கூடியிருந்தால், மரவள்ளியையும் மற்றக் கிழங்குகளையும் தோல் சீவிச் சிறு துண்டுகளாக்கி, நிறையத் தண்ணீரில் அவித்து, அந்தத் தண்ணீரை ஊற்றிவிட்டுச் சமைக்கலாம். ஒடியல் கூழ் வேறு கதை: மரவள்ளி, பலாக்கொட்டை, முருங்கையிலை, நண்டு, உப்பு எல்லாம் அவிந்த தண்ணீரோடேயே பனையோலைப் பிளாவில் வருவதால், அறிக்கையைப் பார்க்கும்வரை அதைத் தள்ளி வையுங்கள். காமரங்காயை (நட்சத்திரப் பழம்) மட்டும் ஒருபோதும் கொடுக்க வேண்டாம்; சிறுநீரகம் தளர்ந்தவரின் மூளையைத் தாக்கக்கூடிய நச்சு அதில் இருக்கிறது. உப்பு எல்லாமாக நாளொன்றுக்கு 5 கிராமுக்குள், அதாவது மட்டமாக ஒரு தேக்கரண்டிக்குள் நிற்க வேண்டும். கருவாடு, ஊறுகாய், மோர்மிளகாய் ஆகியவற்றின் உப்பும் இக்கணக்கில் சேரும். உப்புக்குப் பதிலாக விற்கப்படும் பொட்டாசிய உப்பை வாங்க வேண்டாம்.

கர்ப்பிணியாக இருக்கும் தங்கைக்கும் இப்படித் துண்டு வேண்டுமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். அவருக்கு முதல் வாசல் உங்கள் பகுதிக் குடும்பநல உத்தியோகத்தரே. நிறை பார்ப்பதும் திரிபோஷா சத்துமா கிடைப்பதும் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையின் கிளினிக் ஊடாகத்தான். கர்ப்பகால நீரிழிவு போன்ற சிக்கல் இருந்தால் அங்கிருந்தே வைத்தியசாலைக்கு அனுப்புவார்கள்.

அம்மாவுக்கு முதல் சந்திப்பில் தரப்படும் உணவுத் திட்டம் அன்றைய இரத்த அறிக்கைக்கு உரியது. அடுத்த பரிசோதனையில் எண்கள் மாறினால் திட்டமும் மாறும் என்பதால், அடுத்த திகதியைக் கொப்பியில் குறித்து வாங்காமல் அந்த அறையை விட்டு வர வேண்டாம்.