சூப்பர் ஹீரோ காமிக்ஸ் படித்ததே இல்லை, எதிலிருந்து தொடங்கலாம்?

திருச்சியிலிருந்து வேலைக்காகப் பெங்களூருவுக்கு வந்து இரண்டு மாதம் ஆகிறது, சூப்பர் ஹீரோ படங்களை விடாமல் பார்த்திருக்கிறேன், ஆனால் காமிக்ஸ் ஒன்றுகூடப் படித்ததில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். சர்ச் ஸ்ட்ரீட்டில் ஒரு புத்தகக் கடைக்குப் போய், அலமாரி அலமாரியாக இருந்ததைப் பார்த்துத் திகைத்து வெறுங்கையோடு திரும்பியதாகவும் சொல்கிறீர்கள். அதே தெருவில் நானும் அப்படி நின்றிருக்கிறேன். எனவே கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

இதே பெங்களூருவின் அல்சூரில் வளர்ந்தவன் நான். பள்ளி நாட்களில் பழைய புத்தகக் கடையொன்றில் வாங்கிய ஸ்பைடர்மேன் இதழ்தான் எனக்கு முதல் ஆங்கில காமிக்ஸ். அது ஒரு நீண்ட கதையின் நடுப்பகுதி என்று வாங்கும்போது தெரியாது. அட்டையில் இருந்த ஆறேழு பேரில் ஸ்பைடர்மேனைத் தவிர வேறு யாரையும் அடையாளம் தெரியவில்லை. கடைசிப் பக்கம் ‘தொடரும்’ என்று முடிந்தது; அடுத்த இதழ் கிடைக்கவே இல்லை. இது நமக்கானது அல்ல என்று முடிவு செய்து பல ஆண்டுகள் அந்தப் பக்கமே போகாமல் இருந்துவிட்டேன். அந்த ஆண்டுகளை நினைத்தால் இன்றும் வருத்தமாக இருக்கிறது. உங்களுக்கும் அப்படி ஆகக் கூடாது.

எனவே முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். முதல் இதழிலிருந்து வரிசையாகப் படிக்க வேண்டும் என்று நினைக்காதீர்கள். சூப்பர்மேன் 1938இல் தொடங்கியவர், பேட்மேன் 1939இல், ஸ்பைடர்மேன் 1962இல். கை மாறிக் கை மாறி இன்றுவரை எழுதிக்கொண்டும் வரைந்துகொண்டும் இருக்கிறார்கள். அத்தனையையும் படித்து முடிப்பது பெரும்பாலோருக்கு ஆகாத காரியம். நாம் மகாபாரதத்தை ஆதி பருவத்திலிருந்து வரிசையாகவா கேட்டு வளர்ந்தோம்? பாட்டி ஒருநாள் பீமனைப் பற்றிச் சொல்லியிருப்பார். திருவிழாவில் ஓர் இரவு கர்ண மோட்சம் கூத்து பார்த்திருப்போம். அந்த ஓர் இரவே முழுமையாக இருந்தது. இங்கேயும் அப்படித்தான். ஒரே தொகுப்பில் தொடங்கி அதிலேயே முடியும் கதை எது என்று பார்த்து எடுங்கள். முதுகில் பெரிதாக 4, 7 என்று எண் போட்ட தொகுப்பையும், இருபது நாயகர்கள் ஒரே அட்டையில் நிற்கும் தொகுப்பையும் இப்போதைக்கு அலமாரியிலேயே விட்டுவிடுங்கள்.

இனி எனக்குப் பிடித்தவை.

‘சூப்பர்மேன் ஸ்மாஷஸ் த கிளான்’. ஜீன் லுவென் யாங் எழுதியது, குரிஹிரு என்ற பெயரில் இணைந்து வரையும் இரண்டு ஜப்பானிய ஓவியர்கள் வரைந்தது. 2019இல் தொடங்கி மூன்று பாகங்களாக வந்து, பிறகு ஒரே நூலாகவும் வந்துவிட்டது. 1946இல் அமெரிக்க வானொலியில் சூப்பர்மேன் தொடர் ஒன்று, ‘கிளான்’ என்னும் வெள்ளை இனவெறிக் கும்பலை எதிரியாக வைத்து ஒலிபரப்பானது. அதை அடிப்படையாக வைத்து எழுதப்பட்ட கதை இது. சைனா டவுனிலிருந்து ஒரு சீனக் குடும்பம் சூப்பர்மேன் வாழும் மெட்ரோபோலிஸ் நகரில் புது வீட்டுக்குக் குடிவருகிறது. இனி ஆங்கிலத்தில்தான் பேச வேண்டும் என்கிறார் அப்பா. அம்மாவுக்கு அது நாவில் வரவில்லை. மகன் நான்கு நாளில் நண்பர்களைச் சேர்த்துக்கொள்கிறான். மகள் ராபர்ட்டாவுக்கோ புது இடம் வயிற்றைப் புரட்டுகிறது.

இந்த நூலில் சூப்பர்மேன் தொடக்கத்தில் பறப்பதில்லை. ஓடுகிறான், தாவுகிறான், அவ்வளவுதான். போன வருடம் மதுரையிலிருந்து அக்கா குடும்பத்தோடு இங்கே மாறி வந்தாள். அவள் மகளுக்குப் பதினொரு வயது. கன்னடம் தெரியாமல் வகுப்பில் வாயே திறக்காமல் இருந்த நாட்களில் இந்த நூலைக் கொடுத்தேன். பால்கனியில் உட்கார்ந்து படித்தவள் பாதியில் எழுந்து வந்து, “மாமா, இவனுக்குத்தான் பறக்கத் தெரியுமே, ஏன் பறக்காமல் ஓடுகிறான்?” என்று கேட்டாள். படித்துப் பார் என்றேன். அரை மணி நேரம் கழித்து அவளே வந்து சொன்னாள்: “பறந்தால் இந்த ஊர்க்காரன் இல்லை என்று எல்லாருக்கும் தெரிந்துவிடும் என்று பயப்படுகிறான்.” சூப்பர்மேனைப் பற்றி நான் கேட்ட விமரிசனங்களில் இதைவிடச் சரியானது இல்லை. அவனும் வேறு கிரகத்திலிருந்து குடிவந்தவன்தானே. அவனைப் படைத்த ஜெர்ரி சீகலும் ஜோ ஷுஸ்டரும் குடியேறிய யூதக் குடும்பங்களின் பிள்ளைகள். அந்தப் படைப்பின் உரிமையை 1938இல் வெறும் 130 டாலருக்கு எழுதிக் கொடுத்தார்கள் என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனம் ஆறுவதில்லை.

சீகலைப் பற்றி இன்னொரு செய்தி. சிறுவயதில் சேலத்திலிருந்து வரும் மாமா ஒருவர் லயன் காமிக்ஸ், முத்து காமிக்ஸ் கட்டைப் பையில் போட்டுக் கொண்டுவருவார். இரும்புக்கை மாயாவியும் ஸ்பைடரும் எங்கள் வீட்டுப் பிள்ளைகள் போல. 1972இல் முத்து காமிக்ஸ் தொடங்கியதே மாயாவியை வைத்துத்தான். மின்சாரம் பாய்ந்தால் உடல் மறைந்து இரும்புக் கை மட்டும் காற்றில் மிதக்கும் அந்தப் படத்தைப் பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள். ஸ்பைடர் என்றால் சிலந்தி மனிதன் அல்ல, கூரான காதுகளும் கறுப்பு உடையுமாக வருவாரே, குற்றச் சக்கரவர்த்தி ஆக வேண்டும் என்று கிளம்பி நல்லவர் பக்கம் வந்து சேர்ந்தவர், அவர். பிரிட்டனில் 1965இல் தொடங்கிய அந்தத் தொடரின் பல கதைகளை எழுதியவர் அதே ஜெர்ரி சீகல். சிவகாசி அச்சில் தமிழில் படித்த ஸ்பைடர் கதைகள் பலவற்றை எழுதியவர் சூப்பர்மேனைப் படைத்தவர்களில் ஒருவரே என்று வளர்ந்த பிறகு தெரிந்த அன்று, அந்தப் பழைய இதழ்களைப் பரணிலிருந்து இறக்கி இரவெல்லாம் புரட்டினேன். உங்கள் வீட்டிலும் அப்பாவோ சித்தப்பாவோ இவற்றைச் சேர்த்து வைத்திருக்கக்கூடும். ஊருக்குப் போகும்போது கேட்டுப் பாருங்கள். சூப்பர் ஹீரோ கதை நமக்கு அந்நியமே அல்ல.

அடுத்தது ஸ்பைடர்மேன். இங்கே மட்டும் என் விதியை நானே கொஞ்சம் மீறுகிறேன். ஸ்டான் லீயும் ஸ்டீவ் டிட்கோவும் செய்த ‘அமேசிங் ஸ்பைடர்மேன்’ வரிசையில் 31, 32, 33 ஆகிய மூன்று இதழ்கள் ஒரே கதை. 33ஆம் இதழின் அட்டையில் இருக்கும் தேதி 1966 பிப்ரவரி. ஸ்பைடர்மேன் முகமூடிக்குள் இருக்கும் பீட்டரின் மே அத்தை மருத்துவமனையில் உயிருக்குப் போராடுகிறார். அவரைக் காப்பாற்றக்கூடிய மருந்து சில அடி தூரத்தில் தரையில் கிடக்கிறது. பீட்டரின் மேல் ஒரு பெரிய இயந்திரம் விழுந்து அழுத்திக்கொண்டிருக்கிறது. மேலே கூரை கசிந்து தண்ணீர் இறங்குகிறது. அடிதடி எதுவும் இல்லை. எதிரியும் எதிரில் இல்லை. ஒருவன் ஒரு பாரத்தைத் தூக்க முயல்கிறான், முடியவில்லை, மறுபடி முயல்கிறான். அதைப் பக்கம் பக்கமாக வரைந்திருக்கிறார் டிட்கோ. முதலில் கட்டங்கள் சின்னச் சின்னதாக, குனிந்த தலையும் நடுங்கும் தோளுமாக அவனை நெருக்குகின்றன. பாரம் மயிரிழை மயிரிழையாக உயர உயரக் கட்டங்களும் பெரிதாகின்றன. அவன் முழுவதும் தூக்கி எறியும்போது பக்கமே ஒரே படமாகத் திறந்துகொள்கிறது.

அப்பாவின் அறுவைச் சிகிச்சை முடிந்த இரவு, மருத்துவமனைத் தாழ்வாரத்தில் இதைப் படித்தேன். சட்டைப் பையில் மருந்துச் சீட்டு இருந்தது. விடிந்ததும் கீழே போய் வாங்க வேண்டும். முன்பே இரண்டு முறை படித்த கதைதான். அன்றைக்குத்தான் அந்தச் சின்னக் கட்டங்கள் மூச்சை அடைத்தன. திரைப்படத்தில் இப்படி ஒரு காட்சி இரண்டு நிமிடத்தில் ஓடிவிடும். காமிக்ஸில் எவ்வளவு நேரம் அந்தப் பாரத்தின் கீழே இருக்க வேண்டும் என்பது உங்கள் கையில் இருக்கிறது. படம் பார்த்து வருபவர்களிடம் நான் கேட்டுக்கொள்வது இதைத்தான்: வேகமாகப் புரட்டாதீர்கள். பலூனில் உள்ள வசனத்தை மட்டும் படித்துத் தாண்டிப் போகாமல் ஒவ்வொரு கட்டத்திலும் கண்ணை நிறுத்துங்கள்.

கிராண்ட் மாரிசன் எழுதி ஃபிராங்க் குவைட்லி வரைந்த ‘ஆல் ஸ்டார் சூப்பர்மேன்’ 2005இலிருந்து 2008 வரை வந்தது, மொத்தம் பன்னிரண்டு இதழ்கள். சூரியனுக்கு அருகே ஒரு கலத்தைக் காப்பாற்றப் போய் அளவுக்கு மீறிய ஆற்றலை உள்வாங்கிவிடுகிறான் சூப்பர்மேன். இனி அவன் பிழைக்க மாட்டான். மிச்சமிருக்கும் நாட்களை என்ன செய்கிறான் என்பதுதான் கதை. இதில் பத்தாவது இதழில் ஒரு பக்கம் வருகிறது. உயரமான கட்டடத்தின் விளிம்பில் ஒரு இளம்பெண் உயிரை விடத் துணிந்து நிற்கிறாள். அவன் சத்தமில்லாமல் அவளுக்குப் பின்னால் வந்து இறங்குகிறான், ஆறுதலாக இரண்டு வார்த்தை பேசுகிறான், அணைத்துக்கொள்கிறான். அவ்வளவே. உலகத்தையே தூக்கக்கூடியவன் அந்த இடத்தில் தன் பலத்தில் எதையும் பயன்படுத்துவதில்லை. சூப்பர்மேன் சாதாரண மனிதனாக நடமாடும் கிளார்க் கென்ட் வேடத்தைக் குவைட்லி வரைந்திருப்பதையும் கவனியுங்கள். கூன் விழுந்த தோள், தள்ளிய வயிறு, தடுமாறும் நடை. கண்ணாடியால் அல்ல, உடம்பாலேயே வேறு ஆளாகிவிடுகிறான். ஒரு கண்ணாடி போட்டால் அடையாளம் தெரியாதா என்று கேட்பவர்களுக்கு நான் இந்தப் பக்கங்களைத்தான் காட்டுவேன்.

பேட்மேன் வேண்டுமென்றால் 1987இல் வந்த ‘பேட்மேன்: இயர் ஒன்’. ஃபிராங்க் மில்லர் எழுத்து, டேவிட் மஸ்ஸுகெல்லி ஓவியம், நான்கே இதழ்கள். ஒருவர் ரயிலிலும் ஒருவர் விமானத்திலுமாக இரண்டு பேர் ஒரே நகரத்துக்குள் வருவதில் தொடங்குகிறது. ரயிலில் வரும் காவல் அதிகாரி கார்டன்தான் என்னைப் பொறுத்தவரை இதன் நாயகன். லஞ்சத்தில் ஊறிய துறைக்குள் நேர்மையாக இருக்க அவர் படும் பாட்டுக்கு முகமூடி ஏதும் இல்லை.

மிஸ் மார்வெல், அதாவது கமலா கான் வரும் 2014ஆம் ஆண்டுத் தொகுப்பும் தொடக்கத்துக்கு நல்லது. அமெரிக்காவில் வளரும் பாகிஸ்தானியக் குடும்பத்துப் பெண். அவள் வீட்டுச் சாப்பாட்டு மேசைச் சண்டைகள் நம் வீட்டுச் சண்டைகளேதான். மேட் ஃபிராக்‌ஷனும் டேவிட் ஆஹாவும் செய்த ‘ஹாக்ஐ’ தொடரில் 11ஆம் இதழை மட்டுமாவது பாருங்கள். முழுவதும் ஒரு நாயின் கண்ணிலிருந்து சொல்லப்பட்டது. மனிதர்கள் பேசுவதில் அதற்குத் தெரிந்த சொற்கள் மட்டுமே நமக்கும் தெரியும். மோப்பமெல்லாம் சின்னச் சின்னச் சித்திரங்களாக வரும்.

‘வாட்ச்மென்’ நூலிலிருந்து தொடங்குங்கள் என்று பலரும் சொல்வார்கள். ஆலன் மூரும் டேவ் கிப்பன்ஸும் படைத்த மகத்தான நூல் அது, மறுக்கவில்லை. ஆனால் அது சூப்பர் ஹீரோக்கள் மீது நீண்டநாள் வைத்த அன்பையும் நம்பிக்கையையும் குறுக்கு விசாரணை செய்யும் கதை. அந்த அன்பு உங்களுக்கு முதலில் வரட்டும். ஒரு வருடம் கழித்துப் படியுங்கள்.

வாங்க வேண்டுமானால் சர்ச் ஸ்ட்ரீட்டிலேயே பிளாசம், புக்வொர்ம் இரண்டும் இருக்கின்றன, எம்.ஜி. ரோடு மெட்ரோ நிலையத்திலிருந்து நடந்தே போய்விடலாம். புதியதும் பழையதும் அங்கே கிடைக்கும். வார நாளில் போனால் நின்று நான்கு பக்கம் புரட்டிப் பார்க்க இடமும் இருக்கும். ஓவியம் கண்ணுக்குப் பிடிக்காவிட்டால், யார் சொன்ன நூலானாலும், நான் சொன்னதானாலும் வைத்துவிடுங்கள். அதனோடுதான் நீங்கள் இருநூறு பக்கம் இருக்க வேண்டும்.

புது ஊருக்கு வந்து இரண்டே மாதம் என்பதால் உங்களுக்கு நான் முதலில் கொடுக்க நினைப்பது அந்தச் சீனக் குடும்பத்தின் கதையைத்தான். என் பிரதியையே இரவல் தந்திருப்பேன், ஆனால் அது இப்போது என்னிடம் இல்லை. அக்கா மகள் பள்ளிக்கு எடுத்துப் போயிருக்கிறாள். பக்கத்து இருக்கைப் பெண் படித்துக்கொண்டிருக்கிறாளாம், தினமும் இடைவேளையில் இருவரும் அதைப் பற்றித்தான் பேசுகிறார்களாம், பாதி கன்னடத்தில்.