‘ரிமூவ்’ என்று அச்சடிக்கலாமா?

கேள்வி: எங்கள் ஆண்கள் பள்ளியும் பக்கத்துக் கான்வென்ட்டும் சேர்ந்து ஆண்டுதோறும் ஒன்றுகூடல் நடத்துகிறோம். சட்டையில் குத்தும் அட்டையில் பட்டப்பெயரைத்தான் அச்சடிப்போம். அது எங்கள் வழக்கம். தமிழ்ப்பள்ளியிலிருந்து ‘ரிமூவ்’ வகுப்பு வழியாக வந்த நண்பர் ஒருவரை அன்று முதல் ‘ரிமூவ்’ என்றே அழைக்கிறோம். அந்த அட்டை என்றால் இந்த ஆண்டு வரமாட்டேன் என்கிறார். ஒருவருக்காக வழக்கத்தை மாற்றுவதா?
– வாசகர், ஜெலுத்தோங், பினாங்கு

பதில்: மாற்றுங்கள். இதற்குச் செயற்குழு கூட்டி வாக்கெடுக்க வேண்டாம்.

1816இல் தொடங்கிய பினாங்கு ஃப்ரீ ஸ்கூலில் படித்தவர் எண்பது வயதிலும் ‘ஓல்டு ஃப்ரீ’தான். செயின்ட் சேவியர்ஸில் படித்தவர் ‘சேவியரியன்’. அந்தப் பள்ளியும் லைட் ஸ்ட்ரீட் கான்வென்ட்டும் 1852 என்ற ஒரே ஆண்டைச் சொல்லிப் பெருமைப்படுபவை. இந்தப் பெயர்கள் பள்ளியில் சேர்ந்த எல்லோருக்கும் ஒன்றுபோலக் கிடைத்தவை. பட்டப்பெயர் அப்படிக் கிடைப்பதில்லை.

என் வகுப்பில் ஒருவரை ‘போத்தாக்’ என்போம்; மலாயில் வழுக்கைத் தலை. இப்போது உண்மையிலேயே வழுக்கை. தொலைபேசியில் அவரே “போத்தாக் பேசுகிறேன்” என்கிறார். அவருக்கு அட்டை என்ன, கேக்கிலேயே எழுதலாம்.

‘ரிமூவ்’ வேறு. தமிழ்ப்பள்ளியில் ஆறாண்டு படித்தவர்களில் பெரும்பாலோர் உங்களைப்போல நேரே இடைநிலைப்பள்ளியின் படிவம் ஒன்றுக்குப் போகவில்லை. மொழிக்காக ஓராண்டு ‘ரிமூவ்’ என்ற புகுமுக வகுப்பில் உட்கார்ந்தார்கள். அந்த ஓராண்டைத்தான் நீங்கள் இன்னும் கூவி அழைக்கிறீர்கள். (நானும் அந்த வகுப்பில் இருந்தவள். சூடு கொஞ்சம் கூடியிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.) இன்னொன்று: அந்தக் கணக்கில் அவர் உங்களைவிட ஒரு வயது மூத்தவர். நியாயப்படி நீங்கள் அவரை ‘அண்ணே’ என்றல்லவா அழைத்திருக்க வேண்டும்?

கான்வென்ட் பெண்களின் அட்டைகளையும் ஒருமுறை பாருங்கள். பஸ் நிறுத்தத்தில் நின்று பையன்கள் வைத்த பெயர்களில் பாதி, உரியவர் காதுக்கு எட்டியதே இல்லை. பேரன் பேத்தி எடுத்த பிறகு, அட்டையைப் பார்த்துத்தான் அவர்கள் தெரிந்துகொள்ள வேண்டுமா?

இயற்பெயரைப் பெரிதாக அச்சடித்து, கீழே ஒரு வரியை வெறுமையாக விடுங்கள். வேண்டியவர் வாசலில் தாமே எழுதிக்கொள்ளட்டும். போத்தாக் முதல் ஆளாக வந்து பேனா கேட்பார்.

நண்பருக்கு வாட்ஸ்அப்பில் மன்னிப்பு அனுப்பாதீர்கள். வீட்டுக்குப் போய்ப் பாருங்கள். போகுமுன் அவருடைய இயற்பெயர் பிழையில்லாமல் தெரியுமா என்று சரிபார்த்துக்கொள்ளுங்கள். இரண்டு பக்கக் கடிதத்தில் அதை நீங்கள் ஓரிடத்திலும் எழுதவில்லை.