பெயர் பெற்ற பள்ளியில் சேர்த்தால்தான் டாக்டர் ஆக முடியுமா?

கேள்வி: மண்டபத்தில் விசைப்படகில் வேலைக்குப் போகிறேன். மகள் அரசுப் பள்ளியில் எட்டாம் வகுப்பு முடிக்கிறாள். ராமநாதபுரத்தில் பேர்போன தனியார் பள்ளியில் போட்டால்தான் டாக்டர் ஆவாள் என்கிறார் மச்சான். கடன் வாங்கிச் சேர்க்கலாமா?

பதில்: வேண்டாம். டாக்டர் படிப்புதான் குறி என்றால் இப்போது பள்ளி மாற்றுவது அவளுக்கே நஷ்டம். ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்து நீட் தேறியவர்களுக்கு மருத்துவச் சேர்க்கையில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு 2020 முதல் இருக்கிறது. ஒன்பதாம் வகுப்பில் தனியாருக்குப் போனால் அது கைவிட்டுப் போகும். எட்டாம் வகுப்பில் எழுதும் என்.எம்.எம்.எஸ். என்ற மத்திய அரசின் உதவித்தொகைத் தேர்வில் தேறியிருந்தால் பன்னிரண்டு முடியும்வரை வருஷத்துக்குக் கிடைக்கும் 12,000 ரூபாயும் நின்றுவிடும். நீட் மதிப்பெண்ணிலோ கலந்தாய்விலோ பள்ளியின் பெயருக்கு அரை மார்க் கூடக் கிடையாது.

அந்தப் பெயர் எப்படி வருகிறது என்றும் பாருங்கள். மாநில ரேங்க் அறிவிப்பதை அரசே 2017-இல் நிறுத்திவிட்டது, ஆனாலும் ரிசல்ட் வந்ததும் ஃப்ளெக்ஸ் முளைக்கிறது. அதில் சிரிக்கிற பிள்ளைகளில் எத்தனை பேர் தேர்வு வைத்துப் பொறுக்கிச் சேர்க்கப்பட்டவர்கள், ஒன்பதாம் வகுப்பிலேயே டி.சி. கொடுத்து அனுப்பப்பட்டவர்கள் எத்தனை பேர் என்பதெல்லாம் ஃப்ளெக்ஸில் வராது. நூறு சதவீதத் தேர்ச்சி என்று சொன்னால், ஒன்பதில் எத்தனை பேர் இருந்தார்கள், பத்தாம் வகுப்புத் தேர்வு எழுதியது எத்தனை பேர் என்று கேளுங்கள்.

கலாம் ராமேஸ்வரத்திலிருந்து ராமநாதபுரம் சுவார்ட்ஸ் பள்ளிக்குப் போய்ப் படித்தாரே என்பீர்கள். உண்மைதான், பெருமைக்குரிய பள்ளிதான். ஆனால் அந்தக் காலத்தைப் பற்றிப் பேசும்போது அவர் நன்றியோடு நினைத்தது ஐயாத்துரை சாலமன் என்ற ஆசிரியரை. நீங்களும் ஆசிரியரைத்தான் பார்க்கணும். மகள் பிளஸ் ஒன் படிக்கப்போகும் பள்ளியில் உயிரியல் குரூப் இருக்கிறதா, இயற்பியல், வேதியியல், உயிரியல் மூன்றுக்கும் ஆசிரியர் இருக்கிறாரா அல்லது பணியிடம் காலியா என்று தலைமை ஆசிரியரிடமே கேளுங்கள். அப்படியே லேபையும் எட்டிப் பாருங்கள்: பியூரெட்டில் (திரவம் அளக்கும் கண்ணாடிக் குழாயில்) தூசி படிந்து கிடந்தால் பிள்ளைகள் கை படவில்லை என்று அர்த்தம். ஆசிரியர் இல்லையென்றால் வேறு அரசு மேல்நிலைப் பள்ளிக்கு மாற்றுங்கள், ஒதுக்கீடு போகாது.

கடன் விஷயம் எனக்கு நிஜமாகவே கவலையாக இருக்கிறது. மீன்பிடித் தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை; படகு கரையில் கட்டிக் கிடக்கும், கையில் காசில்லாத அந்த நேரத்தில்தான் பள்ளிக் கட்டணமும் கேட்பார்கள், ஒவ்வொரு வருஷமும். வட்டிக்கு வாங்கிக் கட்ட ஆரம்பித்தால் பிளஸ் டூ முடிவதற்குள் மூச்சு முட்டிவிடும். அந்தக் கடனை வாங்காதீர்கள். தொழில் இருக்கும் மாதங்களில் முடிந்ததைச் சேர்த்து வையுங்கள், நீட் புத்தகத்துக்கும் பயிற்சிக்கும் பின்னால் தேவைப்படும்.